மண்ணை யார் பரிசோதிப்பது?

ராணிப்பேட்டையில் குரோமியம், கொடைக்கானலில் பாதரசம், நம் வீட்டு வாசலில் காரீயம். நகரத்து மண்ணின் கணக்கைக் கேட்க இப்போதுதான் ஒரு சட்டம் வந்திருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் மழை விட்ட நேரம். பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் மதிலோரமாகத் தண்ணீர் ஓடுகிறது. செம்மண் கலங்கலாக ஓட வேண்டிய தண்ணீர், எலுமிச்சை மஞ்சளில் ஓடுகிறது. பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும்போது நிறம் இன்னும் அடர்கிறது. வெயில் ஏறினால் வற்றிவிடும். ஓரங்களில் மட்டும் மஞ்சள் படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்கு அதுவே கரைந்து மறுபடி ஓடத் தொடங்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள்தான் நின்று பார்க்கிறார்கள். காரை, புளியங்கண்ணு பக்கத்து ஆட்களுக்கு இது பார்த்துப் பார்த்து அலுத்த காட்சி.

அந்தத் தொழிற்சாலையின் பெயர் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். 1970-களின் நடுவில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அதாவது, அங்கே வேலை நடந்த காலத்தைவிட மூடிக் கிடக்கும் காலம் நீண்டுவிட்டது. ஆனால், மஞ்சள் தண்ணீர் நிற்கவில்லை.

இரண்டேகால் லட்சம் டன்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை நெடுக இருக்கும் தோல் தொழிற்சாலைகளுக்குக் குரோமிய உப்பு வேண்டும். பச்சைத் தோல் அழுகாமல், மிருதுவான தோலாக மாறுவதற்கு இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த உப்புக்கான மூலப்பொருட்களைத் தயாரித்தது இந்த ஆலை. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரையும் சோடியம் குரோமேட்டைப் பிரித்தெடுப்பார்கள். மிச்சமாகும் சக்கையை ஆலையின் பின்பக்கம் கொட்டினார்கள். இருபது ஆண்டுகளில் அது மலையாகிவிட்டது. அரசுத் தரப்பிலும் பசுமைத் தீர்ப்பாய வழக்குகளிலும் திரும்பத் திரும்ப வரும் கணக்கு, சுமார் 2.27 லட்சம் டன்.

இந்தச் சக்கையில்தான் சிக்கல். எவ்வளவு கழுவினாலும் குரோமியத்தின் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும். அதுவும் ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்தில். குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மூன்று இணைதிறன் கொண்டது ஓரளவு சாது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆறு இணைதிறன் கொண்டதோ மஞ்சளாகக் கரையும், மண்ணுக்குள் இறங்கும், கிணற்றுக்குப் போகும். அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உலக அளவில் உறுதியான முடிவு. தோலில் பட்டால் ஆறாத குழிப்புண். குரோமேட் ஆலைகளில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது, தொழில்நோய் மருத்துவத்தில் பாடமாகவே நடத்தப்படுகிறது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அளவு. தண்ணீரின் மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரிகிறது என்றால், அந்த அளவு எங்கேயோ பின்தங்கிவிட்டது என்று பொருள். இந்த மாசு நிலத்தடியில் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் மாதிரிகள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இதில் ஒரு கொடுமையான முரண் உண்டு. ‘மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1996 ஆகஸ்டில். வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற ஆய்வுத் தகவல் அந்தத் தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. நாட்டில் நடக்கும் ஒவ்வொரு சுற்றுச்சூழல் வழக்கிலும் இன்று மேற்கோள் காட்டப்படும் கொள்கை, இந்த மண்ணின் கதையில்தான் உறுதிபெற்றது. கொள்கை டெல்லிக்குப் போய்விட்டது. கழிவு மலை சிப்காட்டிலேயே தங்கிவிட்டது.

மட்காத சரக்கு

பூச்சிக்கொல்லியைக்கூடக் காலம் மெல்ல மெல்லச் சிதைக்கும். சாக்கடை நீரை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உலோகம் தனிமம், அதைச் சிதைக்க எதுவும் இல்லை. காற்றில் கலந்த புகையைக் காற்றே அடித்துப் போகும், ஆற்றில் விட்டதை வெள்ளம் கொண்டுபோகும். மண்ணில் விழுந்தது விழுந்த இடத்திலேயே இருக்கும். காரீயம் களிமண்ணோடும் மட்கோடும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணில் சில அங்குலத்துக்குள்ளேயே தங்கிவிடும் குணம் கொண்டது. மேல்மண் என்பது குழந்தைகள் விளையாடுகிற மண்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் ஹோவர்ட் மீல்கி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் மண் எடுத்துப் பார்த்து 1983-ல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், காரீயம் மிகுந்த தோட்டங்கள் நகரின் நடுப்பகுதியில் குவிந்திருந்தன. பழைய வீடுகளின் பெயின்ட்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த நடுப்பகுதியில் பல கட்டடங்கள் பெயின்ட் அடிக்காத செங்கல் கட்டடங்கள். வாகனங்கள் கக்கிய புகையிலிருந்த காரீயமும் மண்ணில் இறங்கியிருந்தது என்பது அதன் பிறகே உறைத்தது.

நமக்கும் அந்தக் கணக்கு உண்டு. எஞ்சின் ‘நாக்’ ஆகாமல் இருக்கப் பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலக்கும் வழக்கம் 1920-களில் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியா முழுவதும் காரீயம் கலக்காத பெட்ரோலுக்கு மாறியது 2000-ல்தான். அண்ணா சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் அதுவரை ஓடிய ஒவ்வொரு பஜாஜ் ஸ்கூட்டரும் அம்பாஸடர் காரும் சாலையோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டுப் போன காரீயம், யாரும் அள்ளாத இடங்களில் இன்னும் இருக்கத்தான் வேண்டும்.

பெட்டிச் செய்தி: எது, எங்கிருந்து?

காரீயம்: பழைய பெட்ரோல் புகை, பழைய எனாமல் பெயின்ட், பேட்டரி உடைக்கும் இடங்கள், எரிக்கப்பட்ட ஒயர்கள்.

குரோமியம்: தோல் பதனிடுதல், குரோமேட் ஆலைகள், முலாம் பூசும் பட்டறைகள்.

காட்மியம்: நிக்கல்-காட்மியம் பேட்டரிகள், நிறமிகள், சிலவகைப் பாஸ்பேட் உரங்கள். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவோடு வந்த காட்மியம் நெல் வயலில் ஏறி, எலும்பு நொறுங்கும் ‘இடாய் இடாய்’ நோயைத் தந்தது. 1968-ல் ஜப்பான் அரசு அதை ஒப்புக்கொண்டது.

பாதரசம்: தெர்மாமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, டியூப் லைட், நிலக்கரிச் சாம்பல்.

தரையில் தவழும் வயது

மண்ணில் இருக்கும் உலோகம் உடம்புக்குள் எப்படிப் போகிறது? காய்கறி வழியாகத்தான் என்று நினைக்கிறோம். காரீயத்தைப் பொறுத்தவரை அது சுற்றுவழி. நேர்வழி, கையிலிருந்து வாய்க்கு. தவழும் பிள்ளை தரையைத் தடவிவிட்டு விரலைச் சூப்புகிறது. செருப்போடு வீட்டுக்குள் வரும் தூசி, ஜன்னல் வழியே வரும் தூசி, எல்லாம் அந்த விரலில் இருக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உட்கிரகிப்பதைப்போல நான்கைந்து மடங்கு வரை சின்னக் குழந்தையின் குடல் உறிஞ்சிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் சேர்கிறது. குடலில் இரும்பும் காரீயமும் ஒரே வாசலில் போட்டி போடுபவை. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் காரீயம் எளிதாக நுழையும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை உள்ள குழந்தைக்கு மண் தின்னும் ஆசையும் வரும். ‘வயித்துல பூச்சி இருக்கு, அதான் மண்ணைத் தின்னுது’ என்று பூச்சி மருந்து கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். கர்ப்பிணிகள் சிலர் சாம்பலையும் மண்ணையும் ரகசியமாகத் தின்பதும் இதே வகைதான். அந்த மண் எந்த இடத்து மண் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது இன்றைய உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். அந்த ஆய்வில், காரீயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் பழகுவதில் சிக்கலும் கூடுதலாக இருப்பதாக ஆசிரியர்களின் மதிப்பீடுகள் காட்டின. பெட்ரோல் மாறி சில ஆண்டுகளே ஆன காலத்துப் பிள்ளைகள் அவர்கள். இன்று அளவு குறைந்திருக்கலாம். ஆனால், 2020-ல் யுனிசெப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அந்த 5 மைக்ரோகிராம் கோட்டைத் தாண்டிய இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. நாட்டின் குழந்தைகளில் பாதிக்கும் மேல்!

காரீயம் ரத்தத்தில் சில வாரங்கள்தான் இருக்கும். அதன் பிறகு எலும்பில் போய் உட்காரும், பல்லாண்டுகளுக்கு. பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகும்போது, கருவுக்குக் கால்சியம் கொடுக்க எலும்பு கரைகிறதல்லவா, அப்போது கூடவே காரீயமும் இறங்கும். வகுப்பில் கவனம் நிற்கவில்லை, கணக்கு வரவில்லை, சிடுசிடுக்கிறான் என்று ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் வந்தால் டியூஷன் மாற்றுகிறோம், செல்போனைப் பிடுங்குகிறோம். ரத்தத்தில் காரீயம் பார்க்கலாமா என்று கேட்கும் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அரிது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளியே தெரியும் அறிகுறியே இல்லாத நோயை மருத்துவர் எப்படித் தேடுவார்?

காயலான் கடைப் பின்புறம்

மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. இப்போது பேட்டரி ஆட்டோக்கள் வருகின்றன. சில ஆண்டில் செத்துப்போகும் அந்தக் காரீய-அமில பேட்டரிகளைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்கின்றன 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள். ஆனால், ‘பழைய பேட்டரிக்கு நல்ல விலை’ என்ற குரல் தெருவில்தான் முதலில் கேட்கிறது. உரிமம் உள்ள உருக்காலைக்குப் போகாத பேட்டரி, ஏதோ ஒரு கொட்டகையின் பின்னால் கோடாலியால் பிளக்கப்படுகிறது. அமிலம் மண்ணில். தகடு இரும்புச் சட்டியில். அடுப்பைச் சுற்றி வெள்ளைப் புகை.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு செனகல் நாட்டின் தலைநகர் டாக்கார் சாட்சி. புறநகரான தியாரோயே சுர் மேரில் பல ஆண்டுகளாகப் பேட்டரி உருக்கியதில், மணல் முழுக்கக் காரீயத் துணுக்கு. உலகச் சந்தையில் காரீயத்தின் விலை ஏறியதும், அந்த மணலைத் தோண்டிச் சலித்து விற்றால் காசு என்று ஊரே இறங்கியது. பெண்கள் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. முதலில் மலேரியா என்று நினைத்தார்கள்.

நம் ஊர்களில் அப்படி ஒரு சாவு பதிவாகவில்லை என்று ஆறுதல்பட முடியாது. பதிவாக வேண்டுமானால் யாராவது பரிசோதித்திருக்க வேண்டும்.

அட்டையில் இல்லாத பெயர்கள்

விவசாயிகளுக்கு 2015 முதல் மண்வள அட்டை தரப்படுகிறது. 12 அளவீடுகள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்லும் அட்டை அது. மனிதனுக்கு எது கூடிவிட்டது என்று சொல்லும் காரீயம், காட்மியம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் எதுவும் அதில் கிடையாது. நகரத்து மண்ணுக்கோ அந்த அட்டையும் இல்லை. குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள். காற்றின் தரக் குறியீடு செல்போனில் வருகிறது. அங்கன்வாடி முற்றத்து மண்ணை, மாநகராட்சிப் பூங்காவின் சறுக்குமரத்தடி மண்ணை முறைவைத்துப் பரிசோதிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

சட்டங்களின் வரிசையிலேயே இது தெரியும். நீருக்கு 1974, காற்றுக்கு 1981. மாசடைந்த நிலத்தை என்ன செய்வது என்று தனியாக விதி வந்தது 2025 ஜூலையில். அரை நூற்றாண்டு இடைவெளி.

விதி வந்தது, கெடு வரவில்லை

‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசடைந்த இடங்கள் மேலாண்மை) விதிகள், 2025’ சொல்வது இது: உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ, சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் நடத்த வேண்டும். மாசு உறுதியானால் இடத்தின் விவரத்தைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். யார் பொறுப்பு என்று கண்டுபிடித்து, அவர்களிடமே சுத்திகரிப்புச் செலவை வசூலிக்க வேண்டும். அவர்களால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும்.

நல்ல விதிகள்தான். விதிகள் வந்தபோது வெளியான கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும். நாடு முழுக்க அடையாளம் காணப்பட்ட மாசடைந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில். ஆய்வுக்கு நாள் குறித்த விதிகள், சுத்தம் செய்து முடிப்பதற்கு நாள் குறிக்கவில்லை. மூடிப்போன ஆலையிடம் செலவை வாங்குவது எப்படி என்பதும் ராணிப்பேட்டைக்காரர்களுக்குப் பழைய கேள்வி.

இன்னொரு ஓட்டை, சென்னைக்காரர்களை நேரடியாகத் தொடுவது. குப்பை கொட்டும் வளாகங்களின் மாசு இந்த விதிகளின் கீழ் வராது. அதற்குத் தனி விதிகள் இருப்பதாகச் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் ‘பயோமைனிங்’ பணியில், பிளாஸ்டிக்கும் கல்லும் போக மிஞ்சுவது மண் போன்ற ஒரு பொடி. பள்ளமான இடங்களை நிரப்ப இத்தகைய பொடி பயன்படுத்தப்படுவது நாடு முழுக்க வழக்கம். பேட்டரி, டியூப் லைட், மின்னணுச் சாமான் எல்லாம் சேர்ந்து மக்கிய குப்பையின் பொடி அது. எந்த லோடு எங்கே போனது, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய அறிக்கைகள் இவை.

தோண்டினால் தீருமா?

மாசுபட்ட மண்ணை வெட்டி எடுத்துப் பாதுகாக்கப்பட்ட குழியில் புதைக்கலாம். வேகமான வழி, செலவு அதிகம், பிரச்சினை முகவரி மாறுகிறது. மேலே களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடலாம். காரீயம் என்றால் பாஸ்பேட் கலந்து கரையாத உப்பாக்கலாம். ஆறு இணைதிறன் குரோமியத்தை இரும்பு சல்பேட்டால் மூன்றாக்கலாம். கடுகு, சூரியகாந்தி போன்ற செடிகளை வளர்த்து உலோகத்தை உறிஞ்ச வைக்கலாம் என்று படிக்கும்போது மனசுக்கு இதமாக இருக்கிறது. ஆனால், ஆண்டுக்கணக்காகும்; அறுவடை செய்த செடியையே அபாயக் கழிவாகத்தான் கையாள வேண்டும்.

எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம் என்பதுதான் பெரிய சண்டை. கொடைக்கானலில் அது நடந்தது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் அம்பலப்படுத்த, இந்துஸ்தான் லீவர் ஆலையை மூடியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. மண்ணைப் பொறுத்தவரை, ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்ற இலக்கை ஒரு தரப்பு ஏற்றது. சோலைக்காட்டை ஒட்டிய மண்ணுக்கு இது அநியாயமாகத் தளர்ந்த அளவு என்றது இன்னொரு தரப்பு. ‘பாதுகாப்பான’ அளவு கல்லில் பொறித்ததும் இல்லை. குடியிருப்பு மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் காரீயம் என்று 1990-களிலிருந்து சொல்லிவந்த அமெரிக்கா, 2024-ல் அதை 200 ஆக்கியது. மண் மாறவில்லை, அறிவு மாறியது.

பெட்டிச் செய்தி: வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு

தெரியாத லோடு மண்ணில் கீரை போடாதீர்கள். கீரையும் கிழங்கும் உலோகத்தை அதிகம் ஏற்கும். தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்கள் குறைவாக ஏற்கும். சந்தேகம் இருந்தால் தொட்டியில் நல்ல மண் வாங்கிப் போட்டு வளர்க்கலாம்.

மட்கு எரு சேர்ப்பதும், மண் புளிக்காமல் கார அமில நிலையை நடுநிலையில் வைத்திருப்பதும் காரீயம், காட்மியம் செடிக்குள் ஏறுவதைக் குறைக்கும். கீரையை மண் போக அலசுங்கள். ஒட்டிய தூசிதான் பெரும் பங்கு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் பழைய எனாமல் பெயின்ட்டை உலர்ந்த நிலையில் சுரண்டி வாசலில் தள்ளாதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, தாளில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது; அதற்கு முந்தைய பூச்சை நம்ப வேண்டாம்.

பட்டறையில், பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பவர்கள் உடை மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரட்டும். பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முன் கை கழுவுதல், முருங்கைக்கீரை, கேழ்வரகு: இரும்பும் கால்சியமும் வயிற்றில் இருந்தால் காரீயத்துக்கு இடம் குறையும்.

வார்டில் கேட்கலாம்

வீட்டளவில் செய்வதற்கு எல்லை உண்டு. குப்பைப்பொடி நிரப்பிய மனையை அலசிச் சுத்தம் செய்ய முடியாது. சந்தேக இடங்களின் பட்டியலை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ அனுப்ப வேண்டும் என்று 2025 விதிகள் சொல்வதால், கேள்வி கேட்கும் இடமும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் வார்டிலிருந்து எந்த இடமாவது பட்டியலுக்குப் போயிருக்கிறதா? அங்கன்வாடி முற்றத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப, கவுன்சிலர் எப்போது ஏற்பாடு செய்வார்?